சோப்பு நுரை போய்ச் சேரும் இடம்: கிருமிநாசினிகளும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பும்

கேள்வி இதுதான்: டிரைக்ளோசான் என்ற கிருமிநாசினி போட்ட சோப்பும் தரை துடைக்கும் கிருமிநாசினித் திரவமும் ஆன்டிபயாடிக் மருந்துகள் அல்லவே, அவை சாக்கடை வழியாக ஆற்றிலும் ஏரியிலும் கலப்பதால் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பாக்டீரியா எப்படிப் பெருகும்? இது வெறும் பயமுறுத்தலா, இல்லை ஆதாரம் இருக்கிறதா?

ஆதாரம் இருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவுக்கு வலுவாக இல்லை. ஆய்வகத்தில் மிக வலுவாக இருக்கிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது அடியில் தங்கும் கசடில் வலுவாக இருக்கிறது. ஆற்றில் ஓரளவுக்கு. வீட்டுக்குள், கழுவிய கையில், அநேகமாக இல்லை. இந்த வரிசையை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெரும்பாலானோர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். சோப்பு போட்ட கையில்தான் எதிர்ப்பு வளரும் என்று பயப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டியது அந்த நுரை வடிந்து போய்ச் சேரும் இடத்தைப் பற்றி.

முக்கியமாக மூன்று பொருட்கள். டிரைக்ளோசான் 1960-களில் உருவாக்கப்பட்டு, 1970-களில் அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டர்கள் கை கழுவும் திரவத்தில் இடம்பிடித்தது. பிறகு வீட்டுக்குள் நுழைந்து திரவ சோப்பு, பற்பசை, டியோடரன்ட், காய்கறி வெட்டும் பலகை, காலுறை வரை பரவியது. அதன் உறவுக்கார ரசாயனமான டிரைக்ளோகார்பன் பெரும்பாலும் கட்டி சோப்பில் இருக்கும். மூன்றாவது ஒரு பெரிய குடும்பம்: குவாட்டர்னரி அம்மோனியச் சேர்மங்கள். துறையில் இவற்றைச் சுருக்கமாக ‘குவாட்’ என்பார்கள். மேசை துடைக்கும் ஸ்பிரே, ஈரத் துடைப்பான், தரைத் திரவம் ஆகியவற்றின் பின்பக்கத்தில் ‘பென்சால்கோனியம் குளோரைடு’ என்று சிறிய எழுத்தில் இருந்தால் அது இந்தக் குடும்பம்தான்.

1990-களின் கடைசி வரை விஞ்ஞானிகளிடமே ஒரு நம்பிக்கை இருந்தது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவின் ஏதோ ஒரு பாகத்தை மட்டும் தாக்குகிறது, அந்தப் பாகத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் பாக்டீரியா தப்பிவிடும். கிருமிநாசினியோ செல்லின் சவ்வையே கிழித்துப் போடுகிறது, அதிலிருந்து தப்ப வழியே இல்லை. இப்படித்தான் நினைத்திருந்தார்கள். 1998-இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா மெக்மர்ரி, ஸ்டூவர்ட் லெவி முதலானோர் வெளியிட்ட கட்டுரை இந்த நம்பிக்கையை உடைத்தது. ஈ. கோலை பாக்டீரியாவில் டிரைக்ளோசான் குறிவைப்பது கொழுப்பு அமிலம் தயாரிக்கும் ஒரே ஒரு நொதியை. அந்த நொதியில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறினாலும் டிரைக்ளோசானின் பிடி நழுவிவிடுகிறது. அதாவது, குறைந்த அளவில் டிரைக்ளோசான் நடந்துகொள்வது ஒரு ஆன்டிபயாடிக்கைப் போலவே.

அடுத்த ஆண்டே அதே குழு இன்னொரு விஷயத்தைக் காட்டியது. காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான, ஆனால் அவ்வளவு ஆபத்தில்லாத ஒரு மைக்கோபாக்டீரியத்தில் இதே வேலையைச் செய்யும் நொதி ஒன்று உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநயாசிட் மாத்திரை தாக்குவதும் அந்த நொதியைத்தான். டிரைக்ளோசானிலிருந்து தப்பிய சில சடுதிமாற்றங்கள் (மரபணு திடீரென மாறிய பாக்டீரியா) ஐசோநயாசிட்டிலிருந்தும் தப்பின. சோப்பில் போடும் பொருளும் காசநோய் மருந்தும் ஒரே பூட்டில் நுழையும் இரண்டு சாவிகள் என்று அப்போதுதான் புரிந்தது.

பூட்டை மாற்றுவது ஒரு வழி. அதைவிடப் பரவலான வழி, உள்ளே வந்ததை வெளியே இறைத்துவிடுவது. பாக்டீரியாவின் சவ்வில் பம்பு போன்ற புரதங்கள் உண்டு. தனக்கு ஒவ்வாத எதையும் அவை வெளியே தள்ளும். இதில் கவனிக்க வேண்டியது, ஒரே பம்பு பலவிதமான பொருட்களை இறைக்கும் என்பது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் மோட்டார் அது மழைத் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா என்று பார்ப்பதில்லை அல்லவா? அப்படித்தான். டிரைக்ளோசானை இறைப்பதற்காக அதிகமாக ஓட ஆரம்பித்த பம்பு டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளையும் சேர்த்தே இறைக்கும். 2001-இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவில் இதை அழகாகச் சோதித்தார்கள். அதன் முக்கியப் பம்பை நீக்கிவிட்டு, டிரைக்ளோசானில் வளர்த்தார்கள். அதுவரை சும்மா கிடந்த வேறொரு பம்பு முழு வேகத்தில் ஓடும் சடுதிமாற்றங்கள் தலைதூக்கின. அவை சிப்ரோஃப்ளாக்சசின் முதலான மருந்துகளுக்கும் அடங்கவில்லை. அவற்றைத் தேர்ந்தெடுத்தது டிரைக்ளோசான்தான், அந்த மருந்துகள் அல்ல.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது, தண்ணீரோடு நேரடியாகத் தொடர்புடையதும் அதுதான். அதற்கு 1935-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் இரண்டு விஷயங்களை வெளியிட்டார். ஒன்று, புரோன்டோசில்: பாக்டீரியாத் தொற்றுக்குக் கொடுக்கும் சல்ஃபா வகை மருந்துகளில் முதலாவது, பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது. மற்றொன்று, புதிய வகைக் கிருமிநாசினி ஒன்றைப் பற்றிய கட்டுரை. அதுதான் பென்சால்கோனியம் குளோரைடு. உடலுக்குள் கொடுக்கும் மருந்தும் உடலுக்கு வெளியே துடைக்கும் திரவமும் ஒரே மனிதரின் கையிலிருந்து ஒரே ஆண்டில் உலகத்துக்கு வந்தன.

இப்போது கழிவுநீரில் உள்ள பாக்டீரியாவின் மரபணுக்களைப் பாருங்கள். ‘முதல் வகை இன்டெக்ரான்’ என்று ஒரு மரபணு அமைப்பு உண்டு. வெளியிலிருந்து கிடைக்கும் மரபணுத் துண்டுகளைப் பிடித்து வரிசையாகக் கோர்த்து வைத்துக்கொள்ளும் ஒரு சரம் என்று வைத்துக்கொள்ளலாம். சரத்தின் நடுவில் உள்ள மணிகள் ஒவ்வொரு பாக்டீரியாவிலும் மாறும், ஆனால் அதன் ஒரு முனையில் மட்டும் பெரும்பாலும் இரண்டு மரபணுக்கள் ஒட்டிப் பிறந்தவை போல அடுத்தடுத்து இருக்கும். ஒன்று, குவாட் வகைக் கிருமிநாசினியை இறைக்கும் பம்பின் மரபணு, அல்லது அதில் மிஞ்சிய துண்டு. அடுத்தது சல்ஃபா மருந்துக்கு எதிரான மரபணு. டோமாக் கொடுத்த இரண்டு ஆயுதங்களுக்குமான பதிலை பாக்டீரியா ஒரே சரத்தில் பக்கத்தில் பக்கத்தில் கோர்த்து வைத்திருக்கிறது! நடுவில் உள்ள மணிகளில் டிரைமெத்தோபிரிம், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகளுக்கு எதிரான மரபணுக்கள் சேர்ந்துகொண்டே போகின்றன.

இதன் விளைவு என்ன? ஒரு மணி பயன்பட்டாலும் முழுச் சரமும் பிழைக்கும். சாக்கடையில் சல்ஃபா மருந்து துளிகூட இல்லாவிட்டாலும், தரைத் திரவத்தின் குவாட் இருந்தால் போதும். குவாட்டைத் தாங்கும் பாக்டீரியா பிழைக்கும், அதோடு சல்ஃபா எதிர்ப்பும் மற்ற எதிர்ப்புகளும் சவாரி செய்து அடுத்த தலைமுறைக்குப் போகும். துறையில் இதைத்தான் உடன்தேர்வு என்கிறார்கள். இந்த இன்டெக்ரான்கள் பிளாஸ்மிட் எனும் சிறு டி.என்.ஏ. வளையங்களில் ஏறிக்கொள்ளக் கூடியவை, பிளாஸ்மிட் ஒரு பாக்டீரியாவிலிருந்து சம்பந்தமே இல்லாத இன்னொரு இனத்துக்குத் தாவக் கூடியது. மனிதனால் நீர்நிலை எவ்வளவு மாசுபட்டிருக்கிறது என்று அளக்க இந்த இன்டெக்ரானின் மரபணுவையே அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கில்லிங்ஸும் சகாக்களும் 2015-இல் முன்மொழிந்தார்கள். அந்த அளவுக்கு அது மனிதக் கழிவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, இதெல்லாம் ஆய்வகத்திலும் மரபணு வரைபடத்திலும். நிஜத்தில் சாக்கடையில் அவ்வளவு செறிவு இருக்குமா? இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

திரவ சோப்பில் டிரைக்ளோசான் சுமார் 0.1 முதல் 0.3 சதவீதம் வரை இருக்கும், அதாவது லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம். அந்தச் செறிவில் பாக்டீரியாவுக்குப் பழகிக்கொள்ள அவகாசமே கிடைக்காது. குழாயைத் திறந்ததும் எல்லாம் மாறுகிறது. சாக்கடைக்குள் போகும்போது அது லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்குக்கு இறங்குகிறது, ஆற்றில் பெரும்பாலும் நானோகிராம். கொல்லும் அளவைவிடப் பல மடங்கு குறைவு. ‘அப்படியானால் ஒன்றும் ஆகாது’ என்றுதான் முன்பு சொன்னார்கள். 2011-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் டான் ஆண்டர்சனின் குழு, எதிர்ப்பு உள்ள பாக்டீரியாவையும் இல்லாததையும் கலந்து, மிகக் குறைந்த ஆன்டிபயாடிக் அளவுகளில் போட்டி வைத்துப் பார்த்தது. வளர்ச்சியைத் தடுக்கும் அளவில் 230-இல் ஒரு பங்கு இருந்தால்கூட எதிர்ப்பு உள்ளது மெல்ல மெல்ல ஜெயித்தது. செத்துவிழுவது யாருமில்லை, எதிர்ப்பு இல்லாதது கொஞ்சம் மெதுவாக வளர்கிறது, அவ்வளவுதான். அந்தச் சோதனை ஆன்டிபயாடிக்கை வைத்துச் செய்தது, கிருமிநாசினியை வைத்து அல்ல. எனவே 230 என்ற எண்ணை அப்படியே டிரைக்ளோசானுக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் ‘கொல்லாத அளவு என்றால் பாதிக்காத அளவு’ என்ற வாதம் அதோடு வலுவிழந்துவிட்டது.

குறைந்த அளவில் வேறொன்றும் நடக்கிறது. கொல்லாமல் தொந்தரவு மட்டும் செய்யும் ரசாயனம் பாக்டீரியாவை நெருக்கடி நிலைக்குத் தள்ளுகிறது. செல்லுக்குள் ஆக்சிஜன் சார்ந்த கழிவு மூலக்கூறுகள் பெருகுகின்றன, டி.என்.ஏ. பழுதாகிறது, அவசரப் பழுதுபார்ப்பு தொடங்குகிறது, அதில் பிழைகளும் கூடுகின்றன. 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் டிரைக்ளோசானில் ஈ. கோலையை 30 நாள் வளர்த்தபோது, பல ஆன்டிபயாடிக்குகளுக்கு ஒருசேர எதிர்ப்புள்ள சடுதிமாற்றங்கள் கிடைத்தன. இது சாதாரண ஆற்றுநீரில் இருப்பதைவிட அதிகமான அளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதே நெருக்கடி பிளாஸ்மிட் தாவுவதையும் வேகப்படுத்துவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன.

அடுத்து சுத்திகரிப்பு நிலையம். பிரச்சினை தீவிரமாவது இங்கேதான் என்பது என் கருத்து.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்பது பாக்டீரியாவைக் கொல்லும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பாக்டீரியாவை வளர்த்து வேலை வாங்கும் இடம். காற்றைச் செலுத்தி, கோடிக்கணக்கான பாக்டீரியாவை நெருக்கமாகக் கட்டி வைத்து, அழுக்கைத் தின்ன விடுகிறார்கள். மனிதக் குடலிலிருந்து வந்தவையும் மண்ணிலிருந்து வந்தவையும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வாழ்கின்றன. பிளாஸ்மிட் கைமாற இதைவிட வசதியான இடம் கிடைப்பது அரிது. இந்த இடத்துக்குத்தான் ஊர் முழுவதும் உள்ள சோப்பும் தரைத் திரவமும், வீடுகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வரும் ஆன்டிபயாடிக் எச்சங்களும் சேர்ந்து வருகின்றன.

டிரைக்ளோசானும் டிரைக்ளோகார்பனும் தண்ணீரில் இருக்க விரும்பாதவை, கொழுப்போடு ஒட்டுபவை. குவாட்களுக்கு நேர்மின்னூட்டம் இருப்பதால் அவையும் கசடுத் துகள்களில் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே வெளியே போகும் தண்ணீரைச் சோதித்தால் ‘நன்றாக நீங்கிவிட்டது’ என்று தெரியும். ஆனால் நீங்கியதில் பெரும்பகுதி அழியவில்லை, அடியில் உட்கார்ந்திருக்கிறது. ஆய்வாளர் ரால்ஃப் ஹால்டனின் குழு அமெரிக்காவில் ஒரு நிலையத்தில் கணக்குப் பார்த்தபோது, உள்ளே வந்த டிரைக்ளோகார்பனில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கும் டிரைக்ளோசானில் சுமார் பாதியும் கசடில் சிதையாமல் இருந்தன. தண்ணீரில் மைக்ரோகிராமாக இருந்தது கசடில் கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அந்தக் கசடு காற்றில்லாத தொட்டிகளில் பல வாரம் செரிக்கப்படுகிறது. பேட்ரிக் மெக்நமாரா என்ற ஆய்வாளரும் சகாக்களும் அத்தகைய தொட்டிகளில் டிரைக்ளோசானைச் சேர்த்துப் பார்த்தபோது, பலவித மருந்துகளை இறைக்கும் ஒரு பம்பின் மரபணு கூடியதைக் கண்டார்கள். பிறகு அந்தக் கசடு பல நாடுகளில் உரமாக வயலுக்குப் போகிறது. மழை பெய்தால் அங்கிருந்து ஓடைக்கு.

ஆறு, ஏரியைப் பொறுத்தவரை, டிரைக்ளோசான் அங்கே இருக்கிறதா என்பதில் சந்தேகமே இல்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 139 ஓடைகளில் எடுத்து 2002-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், சோதித்தவற்றில் பாதிக்கும் மேற்பட்ட ஓடைகளில் அது இருந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநில ஏரிகளில் அடிப்படிவை ஆண்டுவாரியாக அறுத்துப் பார்த்தவர்களுக்கு 1960-களுக்குப் பிறகு படிந்த அடுக்குகளில் அது கூடிக்கொண்டே போனது தெரிந்தது. எதிர்ப்பைப் பற்றி நேரடியாகச் சொல்லும் கள ஆய்வு சிகாகோ பகுதியிலிருந்து 2013-இல் வந்தது. நகரத்தை நெருங்க நெருங்க ஓடைப் படிவில் டிரைக்ளோசானும் கூடியது, அதைத் தாங்கும் பாக்டீரியாவின் பங்கும் கூடியது. பிறகு செயற்கை ஓடைகளை அமைத்து டிரைக்ளோசானை மட்டும் சேர்த்தார்கள், அங்கேயும் தாங்கும் பாக்டீரியா பெருகியது. ஆக, காரணம் டிரைக்ளோசான்தான் என்று அந்த அளவில் உறுதியாகச் சொல்லலாம். ஆனால் அது டிரைக்ளோசானுக்கான எதிர்ப்பு. அதிலிருந்து ஆன்டிபயாடிக் எதிர்ப்புக்குத் தாண்டும் அந்தக் கடைசிப் படியை இயற்கை ஆற்றில் தனியாகப் பிரித்துக் காட்டுவது கடினம். காரணம் எளிது: டிரைக்ளோசான் வரும் அதே குழாயில் ஆன்டிபயாடிக் எச்சமும், ஏற்கெனவே எதிர்ப்பு பெற்ற குடல் பாக்டீரியாவும், செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்களும் சேர்ந்தே வருகின்றன. எது எவ்வளவு செய்தது என்று ஆற்றிடம் கேட்க முடியாது.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் சொல்ல வேண்டும். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் வீடுகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கிருமிநாசினி கலந்த சோப்பு, துப்புரவுப் பொருட்களையும் மற்றவர்களுக்குச் சாதாரணமானவற்றையும் கொடுத்து ஓராண்டு பார்த்தார்கள். கைகளில் இருந்த பாக்டீரியாவின் ஆன்டிபயாடிக் எதிர்ப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 1998-இல் எச்சரித்த லெவியே இந்த ஆய்வின் ஆசிரியர்களில் ஒருவர். அவர் அந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டதை மதிக்கிறேன். தொழில் நிறுவனங்கள் இதைத்தான் அடிக்கடி மேற்கோள் காட்டின. ஆனால் அது கையைப் பற்றிய ஆய்வு, கசடைப் பற்றியது அல்ல.

ஒழுங்குமுறையைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016 செப்டம்பரில் டிரைக்ளோசான், டிரைக்ளோகார்பன் உட்பட 19 பொருட்களை, பொதுமக்கள் தண்ணீர் விட்டுக் கழுவும் கிருமிநாசினி சோப்புகளில் தடை செய்தது. அடிப்படைக் காரணம், சாதாரண சோப்பும் தண்ணீரும் செய்வதைவிட அவை கூடுதலாக எதையும் செய்கின்றன என்றோ, தினமும் பல ஆண்டு பயன்படுத்தப் பாதுகாப்பானவை என்றோ தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை என்பது. 2017-இல் 200-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் கையெழுத்திட்ட ஃப்ளாரன்ஸ் அறிக்கை, அவசியமில்லாத இடங்களில் இவற்றை நிறுத்தச் சொன்னது.

இதில் ஒரு ஓட்டை இருந்தது, இன்றைய கவலை அதைப் பற்றியதுதான். 2016 உத்தரவில் பென்சால்கோனியம் குளோரைடு, பென்செத்தோனியம் குளோரைடு, குளோரோசைலினால் ஆகிய மூன்றின் மீதான முடிவு தள்ளிவைக்கப்பட்டது. டிரைக்ளோசான் போன இடத்தில் பென்சால்கோனியம் வந்து உட்கார்ந்தது. பிறகு கோவிட் வந்தது, மேசை, கைப்பிடி, தரை என்று உலகமே குவாட் போட்டுத் துடைத்தது. இவற்றைப் பற்றிய எச்சரிக்கை அதற்கு முன்பே இருந்தது. ஆற்றுப் படிவிலிருந்து எடுத்த பாக்டீரியாக் கூட்டத்தைப் பென்சால்கோனியத்தில் நீண்ட காலம் வளர்த்த அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள், 2018-இல் வெளியிட்ட முடிவில், அதற்குப் பழகிய சூடோமோனாஸ் பாக்டீரியா பாலிமிக்சின்-பி மருந்தையும் கூடுதலாகத் தாங்கியதைக் காட்டினார்கள். வேறு மருந்து எதற்கும் அடங்காத தொற்றுகளுக்குக் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்துகளில் அது ஒன்று. தரை துடைக்கும் திரவம் அந்த மருந்தை மழுங்கச் செய்வதை நினைத்தால் எனக்குப் பதைக்கிறது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. அந்த எண்ணிக்கையில் பெரும்பங்கு ஆன்டிபயாடிக்கைத் தவறாகப் பயன்படுத்துவதால் வருவது, சோப்பால் அல்ல. ஆனாலும், எந்தப் பலனும் தராத ஒரு பொருளுக்காக அதில் ஒரு சின்னப் பங்கைக்கூட ஏன் சேர்க்க வேண்டும்?

வீட்டில் என்ன செய்யலாம் என்றால், கை கழுவச் சாதாரண சோப்பு போதும். அது கிருமியை வழுக்கி எடுத்துத் தண்ணீரோடு அனுப்புகிறது, அதற்கு விஷம் தேவையில்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் ஆல்கஹால் கலந்த திரவம். ஆல்கஹால் ஆவியாகிவிடும், நீர்நிலையில் தங்காது. வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி இருந்து கழிவறையைக் கிருமி நீக்க வேண்டுமானால், ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது நீர்த்த பிளீச்சிங் திரவத்தை லேபிளில் சொன்ன அளவில் பயன்படுத்துங்கள். (பிளீச்சை அமிலத்தோடோ அம்மோனியாவோடோ ஒருபோதும் கலக்காதீர்கள்.) பிளீச்சிலும் குறை உண்டு, ஆனால் மாதக்கணக்கில் கசடில் உட்கார்ந்திருக்காது. தினசரித் தரை துடைப்புக்குக் கிருமிநாசினியே வேண்டாம். மருத்துவமனை நிலைமை வேறு. அங்கே டாக்டரும் செவிலியரும் பயன்படுத்துவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கி வைத்த குவாட் திரவம் மிச்சமிருந்தால், மனம் மாறிய வேகத்தில் அதை மொத்தமாகக் கழிவறையில் கொட்டிவிடாதீர்கள். வீட்டுக்குச் செப்டிக் டேங்க் இருந்தால் உள்ளே கழிவைச் செரிக்கும் பாக்டீரியாவை அது ஒரேயடியாக முடக்கிவிடும். அபாயகரமான வீட்டுக் கழிவைத் தனியாக வாங்கும் ஏற்பாடு இருந்தால் மூடிய பாட்டிலோடு அங்கே கொடுங்கள். இல்லையென்றால் உண்மையிலேயே தேவைப்படும் நாளுக்காக எடுத்து வைத்து, அன்றைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.